பெரிய ரயில் லேஅவுட்: கட்டப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டில் ஓர் அறையை மாதிரி ரயிலுக்கென்று ஒதுக்கிவிட்ட ரயில் ஆர்வலர்களுக்கு,

ஒரு லேஅவுட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதை அறையின் நீள அகலம் தீர்மானிப்பதில்லை. கை எட்டும் தூரம், ஆள் நடக்க விடவேண்டிய இடைவழி, கட்டியதைத் துடைத்துப் பழுதுபார்க்கக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றும்தான் தீர்மானிக்கின்றன. பணம் போதாமல் நின்ற லேஅவுட்டுகள் உண்டு. ஆனால் பணம் இருந்தும், ஆர்வம் இருந்தும் பாதியில் துணி போர்த்தி மூடப்படும் லேஅவுட்டுகளை உற்றுப் பார்த்தால் இந்த மூன்றில் ஏதோ ஒன்று தொடக்கத்திலேயே கணக்கில் விடுபட்டிருக்கும்.

முதலில் முடிவுசெய்ய வேண்டியது அளவுகோல். உலகில் மிகுதியாகப் புழங்குவது எச்.ஓ. எனப்படும் 1:87, அதன் பாதை அகலம் 16.5 மி.மீ. பிரிட்டனில் அதே பாதையின்மேல் சற்றே பெரிய, 1:76 அளவு வண்டிகளை ஓட்டுகிறார்கள்; அதற்கு ஓ.ஓ. என்று பெயர். 1:160 அளவுள்ள ‘என்’ (N) வகைக்கு 9 மி.மீ. பாதை. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1972இல் கொண்டுவந்த இசட் வகை இன்னும் சிறியது: 1:220, பாதை 6.5 மி.மீ. சிறிய அளவுகோலை எடுத்தால் அதே அறையில் நிறைய அடங்குமே என்று தோன்றும். அடங்கத்தான் செய்யும். தடம்புரண்ட பெட்டியின் சக்கரங்களை 9 மி.மீ. பாதையில் மீண்டும் உட்காரவைக்கக் கண்ணும் விரலும் ஒத்துழைக்குமா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். பெரிய லேஅவுட் முடிவதற்குள் கட்டுபவருக்கும் வயதாகிவிடும்.

இந்திய வண்டிகளை ஓட்ட நினைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. நம் அகலப்பாதை 1676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வருகிறது. கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. பாதையோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள 1435 மி.மீ. அகலத்துக்கு உரியது. கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைகிறது. சக்கரம் முதல் தடம் பிரிக்கும் பாயிண்ட் வரை எல்லாவற்றையும் கையால் செய்ய ஆயத்தமானவர்கள் 19.3க்குப் போகலாம். மற்றவர்கள் இந்தக் குறையோடு 16.5இலேயே ஓட்டுவது நல்லது. பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. எஞ்சினுக்கு நேர் எதிரே குனிந்து பார்த்தால்தான் தெரியும்.

அடுத்த கேள்வி, இந்த ரயில்கள் என்ன வேலை செய்யப்போகின்றன என்பது. 1940களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில் டெல்டா லைன்ஸ் என்ற லேஅவுட்டை வைத்திருந்த ஃபிராங்க் எலிசன், லேஅவுட்டை நாடக மேடையாகப் பார்த்தார். காட்சி அமைப்பு அரங்கப் பின்னணி, ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணையே கதை. அந்தப் பார்வைதான் சுற்றிச் சுற்றி ஓடும் பொம்மை ரயிலிலிருந்து இந்தப் பொழுதுபோக்கைப் பிரித்தது. ஜான் ஆம்ஸ்ட்ராங் 1963இல் எழுதிய ‘டிராக் பிளானிங் ஃபார் ரியலிஸ்டிக் ஆபரேஷன்’ இதைத் திட்டமிடும் முறையாகவே மாற்றிக் கொடுத்தது. கோடு போடுவதற்கு முன் இரண்டு பட்டியல் எழுதச் சொல்வார் ஆம்ஸ்ட்ராங். ஒன்று மாற்ற முடியாதவை: கதவு, ஜன்னல், தூண், கைக்காசு. மற்றது விரும்புபவை: நீராவி எஞ்சினா டீசலா, மலையா சமவெளியா, ஷண்டிங்கா நீண்ட ஓட்டமா. இரண்டாவது பட்டியலை எழுதாமல் தண்டவாளம் வாங்கியவர்களின் லேஅவுட்டில், வண்டி எங்கிருந்து எங்கே போகிறது என்று விருந்தாளி ஒருவர் கேட்டால் பதில் இருக்காது.

உண்மையான ஒரு பாதையை எடுத்துக்கொண்டால் திட்டம் எப்படி உருவாகிறது என்பது விளங்கும். மேட்டுப்பாளையம் இதற்கு அருமையான இடம். கோயம்புத்தூரிலிருந்து வரும் அகலப்பாதை அங்கே முடிகிறது. நீலகிரி மலை ரயிலின் மீட்டர் பாதை அங்கே தொடங்குகிறது. சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடிவரும் நீலகிரி எக்ஸ்பிரஸின் பயணிகள் காலையில் இறங்கி மலை வண்டிக்கு மாறுகிறார்கள். இரண்டு பாதை அகலம், இரண்டு வகை எஞ்சின், ஒரே நிலையம். கதை தானாகவே கிடைத்துவிடுகிறது.

ஆனால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரையிலான 46 கி.மீ. பாதையை 1:87இல் அப்படியே போட்டால் ஏறத்தாழ 529 மீட்டர் வரும். 6 மீட்டருக்கு 4 மீட்டர் அறையில் சுவரோரமாக ஒரு சுற்று வந்தால் பாதை 20 மீட்டருக்கும் குறைவு. நடுவில் தீபகற்பம்போல் ஒரு மேசையை நீட்டினாலும் 30 மீட்டரைத் தாண்டுவது கடினம். 208 வளைவுகளும் 250 பாலங்களும் 16 சுரங்கங்களும் உள்ள பாதையில் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதுதான் இங்கே கலை. மேட்டுப்பாளையம், ரன்னிமேடு, குன்னூர் ஆகிய மூன்று நிலையங்கள், ஒரு நல்ல பாலம், ஒரு சுரங்கம் போதும். எஞ்சினின் பல்சக்கரம் பற்றி ஏறும் பல்சட்டப் பாதையின் ஏற்றம் 12.5க்கு 1, அதாவது 8 சதவீதம். சாதாரண மாதிரி எஞ்சின் அதில் சக்கரம் வழுக்கி நின்றுவிடும். நீலகிரியில் உள்ளது ஸ்விட்சர்லாந்துக்காரர் ஆப்ட் வகுத்த பல்சட்ட முறை. சுவிஸ் மலை ரயில்களின் மாதிரிகளுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. மீட்டர் பாதையும் பல்சக்கர எஞ்சின்களும் இதற்குக் கைகொடுக்கும். மலையேறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்காமல் கீழ்ப்புறம் நின்று தள்ளுகிறது என்பதை மறந்து முன்னால் மாட்டினால், பார்க்க வரும் முதல் ஆர்வலரே சுட்டிக்காட்டிவிடுவார்.

வளைவுதான் திட்டத்தின் கழுத்தைப் பிடிக்கும் இடம். பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டியின் நீளம் 21.3 மீட்டர், 1:87இல் 24.5 செ.மீ. வளைவின் ஆரம், ஓடும் பெட்டிகளில் நீளமானதைப்போல் குறைந்தது மூன்று மடங்கு இருந்தால்தான் வண்டி பார்க்கவும் நன்றாக இருக்கும், தடம்புரளாமலும் ஓடும் என்பது பலகாலம் புழங்கிய கணக்கு. அப்படியானால் ஆரம் 75 செ.மீ. வண்டி திரும்பி வரும் வட்டத்துக்கு விட்டம் 1.5 மீட்டர், பாதைக்கு வெளியே பக்கத்துக்குப் பத்து செ.மீ. விட்டால் 1.7 மீட்டர். இதை 4 மீட்டர் அகல அறையின் நடுவில் வைத்துப் பார்க்கலாம். இருபுறமும் 75 செ.மீ. இடைவழி விட்டால், சுவரோரப் பலகைக்கு மிஞ்சுவது பக்கத்துக்கு 40 செ.மீ. மட்டுமே. அந்த இடைவழியில் இரண்டு பேர் ஒருவரையொருவர் கடக்க உடம்பைத் திருப்ப வேண்டும். தாளில் வரையும்போது இந்த இடத்தில்தான் எல்லோரும் இடைவழியைக் கொஞ்சம் குறுக்குகிறார்கள், ஆரத்தையும் கொஞ்சம் குறைக்கிறார்கள். இரண்டுமே கூடாது. நீண்ட வண்டிக்கு ஆசைப்படாமல் இருந்தால் நெருக்கடி தானே தளரும். நீலகிரிப் பெட்டிகள் குட்டையானவை. மீட்டர் பாதைப் பகுதிக்கு இதைவிடக் கணிசமாகக் குறைந்த ஆரம் போதும். ஆகவே நடுத் தீபகற்பத்தை மலைக்கும், சுவரோரத்தை அகலப்பாதைக்கும் கொடுப்பது புத்தி.

வண்டியின் நீளமும் இதே கணக்கில் வருகிறது. 24 பெட்டி எக்ஸ்பிரஸ் எச்.ஓ.வில் 6 மீட்டர். அறையின் நீளம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். எட்டுப் பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து இரண்டேகால் மீட்டர். கண் ஏமாந்துபோய் அதையே நீண்ட வண்டி என்று ஒப்புக்கொள்ளும். பிளாட்பாரமும் லூப் லைனும் அந்த நீளத்துக்கு ஏற்ப அமைய வேண்டும். இந்திய ரயில்வே மெயின் லைனில் 12க்கு 1 பாயிண்ட் போடுகிறது. அதை அளவுப்படி சுருக்கினால் ஒரு பாயிண்டே அரை மீட்டரை நெருங்கும். மாதிரி ரயிலுக்கு 6க்கு 1 போதும். இடமில்லாத யார்டில், குட்டை வேகன்களுக்கு மட்டும், 4க்கு 1.

மேசையின் அகலம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் கை எட்டுவதாக இருந்தால் 60 செ.மீ., மிஞ்சினால் 75. இரண்டு பக்கமும் நிற்க முடிந்தால் இருமடங்கு. கட்டுபவர் தன் வீட்டுச் சமையல் மேடையின் முன் நின்று, மறுகோடிச் சுவரை ஒட்டி ஒரு தீப்பெட்டியை வைத்து, இரண்டு விரலால் எதையும் இடிக்காமல் எடுத்துப் பார்த்தால் இந்த எண்களின் நியாயம் புரியும். அதே மேசையை மார்பளவு உயரத்துக்கு ஏற்றினால் எட்டும் தூரம் இன்னும் குறையும். தரையிலிருந்து 110 முதல் 130 செ.மீ. உயரம் பலருக்கும் ஒத்துவருகிறது. ரயில் கண்ணுக்கு அருகில் ஓடும், அடியில் உட்கார்ந்து வயர் இழுக்கவும் இடம் இருக்கும். வாசலைக் கடக்கும் பாதைக்குக் குனிந்து நுழையும் வழி வைப்பதைவிடக் கீல் வைத்துத் திறக்கும் பாலம் சிறந்தது. முதல் மாதம் குனிவது விளையாட்டாக இருக்கும். பத்தாவது வருடம் அப்படி இருக்காது. திட்டம் தாளில் முடிந்ததும் அறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, ஒரு வாரம் அந்தக் கோடுகளுக்கு நடுவே நடமாடிப் பார்ப்பது செலவில்லாத சோதனை.

பல்சட்டம் இல்லாத பாதையின் ஏற்றத்துக்கு 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாதை இன்னொன்றின்மேல் தாண்ட, பலகைக் கனத்தையும் சேர்த்து 10 செ.மீ. உயர வேண்டும், அதற்கு 5 மீட்டர் நீளம் தேவை. இறங்க இன்னொரு 5 மீட்டர். இரண்டு அடுக்கு லேஅவுட்டுக்குத் திருகுபோலச் சுற்றி ஏறும் ஹீலிக்ஸ் வேண்டும். 75 செ.மீ. ஆரத்தில் ஒரு சுற்று 4.7 மீட்டர், அதில் ஏறுவது 9.4 செ.மீ. மேல் அடுக்கு 40 செ.மீ. உயரத்தில் இருந்தால் நான்கு சுற்றுக்கு மேல், கிட்டத்தட்ட 20 மீட்டர் தண்டவாளம், அத்தனையும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில். வளைவில் உராய்வு வேறு சேர்ந்து எஞ்சினின் இழுவையை இன்னும் குறைக்கும். முதல் லேஅவுட் கட்டுபவர்கள் இரண்டாம் அடுக்கைத் தொடாமல் இருப்பதே மேல்.

மறைவு யார்டை மட்டும் விடக்கூடாது. சென்னையிலிருந்து வரும் வண்டி லேஅவுட்டுக்கு வெளியே எங்கோ இருந்து வர வேண்டும், திரும்பி அங்கே போக வேண்டும். மலைக்கு அடியிலோ ஒரு பலகைத் தடுப்புக்குப் பின்னாலோ நான்கைந்து லைன் உள்ள யார்டு இருந்தால் அந்த ‘எங்கோ’ கிடைத்துவிடும். அதற்கு மேலிருந்தோ பின்னாலிருந்தோ கை நுழைய 20 செ.மீ. இடமாவது வேண்டும். தடம்புரள்வது எப்போதும் எட்டாத இடத்தில்தான் நடக்கும்.

மேசைச் சட்டம் செய்வதில் இரண்டு வழி உண்டு. ‘மாடல் ரெயில்ரோடர்’ இதழின் ஆசிரியராக இருந்த லின் வெஸ்ட்காட் 1960களில் பரப்பிய எல்-கர்டர் முறையில், எல் வடிவில் ஒட்டிய இரண்டு நீள உத்திரங்களின்மேல் குறுக்குச் சட்டங்கள் உட்காரும். பாதையை எங்கு வேண்டுமானாலும் வளைக்கலாம், உயர்த்தலாம். டெக்சாஸைச் சேர்ந்த டேவிட் பாரோ சொன்ன டாமினோ முறையில் எல்லாம் இரண்டடிக்கு நாலடிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் தனியே நிற்கும், போல்ட்டைக் கழற்றினால் தனியே வெளியே வரும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும், பிள்ளைகள் வளர்ந்தால் அறை கைமாறும் வீட்டிலிருப்பவர்களுக்கும் இரண்டாவதுதான் சரி. மாடிப்படியின் திருப்பத்தில் பெட்டி நுழையுமா என்று முன்கூட்டியே அளந்துவிட வேண்டும். மேற்பலகைக்கு 12 மி.மீ. பிளைவுட், ஈரத்தில் ஊதும் எம்.டி.எஃப். வேண்டாம். கரையான் பயமுள்ள வீட்டில் மரக்காலுக்குப் பதில் பக்கத்து வெல்டிங் கடையில் இரும்புச் சதுரக் குழாயில் கால் அடித்துக்கொள்ளலாம். மரமும் பிளைவுட்டும் அறைக்கு வந்து ஓரிரு வாரம் கிடந்து அங்குள்ள காற்றுக்குப் பழகிய பிறகே அறுக்க வேண்டும்.

தண்டவாளம் பதிப்பதில் அவசரம் பிற்பாடு எல்லாவற்றையும் கெடுக்கும். பித்தளைத் தண்டவாளம் மலிவு. ஆனால் அதில் படியும் களிம்பு மின்சாரத்தை மறிக்கும். நிக்கல் சில்வர்தான் வேண்டும். அடியில் 3 மி.மீ. கார்க் ஷீட் போட்டால் சத்தம் குறையும், ஜல்லி மேடும் கிடைக்கும். மொட்டைமாடியை ஒட்டிய அறையில் மார்கழி விடியலுக்கும் மே மாத நண்பகலுக்கும் 20 டிகிரி வித்தியாசம் வந்தால், 10 மீட்டர் தண்டவாளம் 3 மி.மீ. நீளும். பலகை ஈரத்துக்கு விரிந்து சுருங்குவது அதற்கு மேல். குளிர்ந்த நாளில் பதித்தால் இணைப்புகளில் அரை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும். கோடையில் பதித்தால் நெருக்கியே வைக்கலாம். வளைவில் வரும் இணைப்பை மட்டும் சால்டர் வைத்துப் பிறகு வளைத்தால் கோணல் விழாது. ஒவ்வொரு இணைப்பின்மேலும் விரல் நுனியை ஓட்டிப் பார்க்க வேண்டும். தட்டுப்பட்டால் அரத்தால் தேய்க்க வேண்டும். பிறகு முழு வண்டியையும் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு எல்லாப் பாயிண்டையும் கடக்கவைக்க வேண்டும். முன்னோக்கி இழுக்கும்போது ஒளிந்துகொள்ளும் குறைகள் அத்தனையும் அப்போது வெளியே வரும்.

மின்சாரத்துக்கு இன்று டி.சி.சி. என்ற எண்முறைக் கட்டுப்பாடுதான் வழி. ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் வடிவமைத்ததை அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஏற்றது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சிறு சில்லு. தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம். கட்டளை எண்ணாகப் போகும். ஒரே லைனில் இரண்டு எஞ்சினை இரண்டு பேர் தனித்தனியே ஓட்டலாம். மேசைக்கு அடியில் வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 2.5 சதுர மி.மீ. வயரில் சிவப்பும் கருப்புமாக ஒரு முதன்மை இணை ஓட வேண்டும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் மெல்லிய வயர் ஏற வேண்டும். இணைப்புத் தகட்டை நம்பி மின்சாரத்தை விட்டால் இரண்டாம் மழைக்காலத்தில் எஞ்சின் அங்கங்கே விக்கும். எல்லாம் முடிந்ததும் லேஅவுட்டின் கடைக்கோடியில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே ஒரு ரூபாய் நாணயத்தை வைக்க வேண்டும். கட்டுப்பாட்டுப் பெட்டி அந்தக் கணமே மின்சாரத்தைத் துண்டித்தால் வயர் போதும். துண்டிக்காவிட்டால் நாணயம் சூடேறும். வயரின் கனமோ எண்ணிக்கையோ போதாது. வண்டி தன் வாலைத் தானே சந்திக்கும் திருப்பு வளையத்தில் இரு தண்டவாளமும் மாறி மோதும். அங்கே தானியங்கித் திசைமாற்றி தனியாக வேண்டும். வயரிங் சலிப்பான வேலை என்று நினைப்பவர்கள் அறியவேண்டிய செய்தி ஒன்று: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1946இல் தொடங்கிய மாதிரி ரயில் மன்றத்தின் மேசைக்கு அடியில் ரிலே பூட்டிக்கொண்டிருந்த மாணவர்கள்தான் பின்னால் கணினி உலகின் முதல் ஹேக்கர்களில் சிலரானார்கள்.

காட்சி அமைப்பைக் கடைசியில் செய்யலாம், கொஞ்சம் கொஞ்சமாகவும் செய்யலாம். தெர்மோகோல் அடுக்கி, கத்தியால் செதுக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் மலை. ஜல்லி மட்டும் பொறுமை கேட்கும். சலித்த கருங்கல் பொடியைத் தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே பரப்பி, பாத்திரம் துலக்கும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரை மேலே புகையாகத் தெளிக்க வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் அடுத்து விடும் பசை உருண்டையாக நின்று பொடியைக் கிளப்பிவிடும். பிறகு ஒரு பங்கு ஃபெவிகாலில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து, மருந்துச் சொட்டுக்குழாயால் துளித்துளியாக விட வேண்டும். பாயிண்டின் நாக்கு அசையும் இடத்தில் ஒரு துளிகூடப் போகக்கூடாது. பொடியில் இரும்புத் துகள் இருக்கிறதா என்று முன்னதாகக் காந்தத்தால் பார்த்துவிடுவது நல்லது. எஞ்சின் மோட்டாரின் காந்தம் அதை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பராமரிப்பை வெளிநாட்டு நூல்கள் ஓர் அத்தியாயத்தில் முடித்துவிடும். நம் ஊரில் அது முடியாது. ஜன்னலைத் திறந்தால் தெருப் புழுதி, கடலோர ஊரில் உப்புக்காற்று, எங்கும் பல்லி. வண்டி ஓடாத தண்டவாளம்தான் சீக்கிரம் அழுக்காகும். வாரம் ஒருமுறை எல்லா லைனிலும் வண்டி ஓட வேண்டும்; ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் தண்டவாளத்தின் தலையையும் சக்கரங்களையும் துடைக்க வேண்டும். பாயிண்டின் எண்ணிக்கை ஏற ஏற இந்த வேலையும் ஏறும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் மட்டுமே ஒதுக்க முடிந்தவர் ஐம்பது பாயிண்ட் உள்ள யார்டைத் திட்டமிடுவது வீண்.

காலமும் கணக்கில் வர வேண்டும். பாடகர் ராட் ஸ்டூவர்ட் லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டு மாடியில் 1,500 சதுர அடியில் கட்டிய அமெரிக்க நகர லேஅவுட்டுக்கு 23 வருடம் ஆனது. கச்சேரிப் பயணங்களில் ஹோட்டலில் கூடுதலாக ஓர் அறை எடுத்துக் கட்டடங்களைச் செய்துகொண்டிருந்தவர் அவர். மின் வேலையை மட்டும் வேறொருவரிடம் விட்டார். கலிஃபோர்னியாவின் மான்டெரேயில் ஜான் ஆலன் கட்டிய ‘கோரி அண்டு டிஃபீட்டட்’ தரையிலிருந்து கூரைவரை மலையாக எழுந்த, புகழ்பெற்ற லேஅவுட். அவர் 1973 ஜனவரியில் காலமானார்; சில நாட்களிலேயே தீயில் லேஅவுட் அழிந்தது. இந்தச் சோகத்தைச் சொல்பவர்கள் பலர். அந்தப் பெரிய லேஅவுட்டுக்குள் அவருடைய முதல் சிறிய லேஅவுட், ஏறத்தாழ ஒரு கட்டில் அளவே உள்ளது, அப்படியே பொருத்தப்பட்டிருந்தது என்பதைக் கட்டப்போகிறவர்கள் கவனிக்க வேண்டும். முழுதாக முடிந்து, ஓடிக்கொண்டிருந்த ஒரு சிறு துண்டைச் சுற்றித்தான் மற்றது வளர்ந்தது.

பெரிய லேஅவுட் ஒன்றை நேரில் பார்க்காமல் திட்டத்தை முடிவுசெய்யவும் வேண்டாம். புனேயின் கோத்ருட் பகுதியில் 1998 முதல் இயங்கும் ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகம் ஒருநாள் பயணத்துக்குத் தகுந்தது. அங்கே வண்டிகளைப் பார்ப்பதோடு மேசையின் உயரத்தையும் பாதையின் வளைவுகளையும் கவனித்துக் குறித்துக்கொள்வது பயன் தரும். திரும்பி வந்ததும் முதல் டாமினோப் பெட்டியை, மேட்டுப்பாளையத்தின் ஒரு பிளாட்பாரமும் மூன்று பாயிண்டும் மட்டும் உள்ளதை, வயரிங்கும் ஜல்லியும் சேர்த்து முடித்துவிட வேண்டும். அதில் வண்டி ஒரு மாதம் தடம்புரளாமல் ஓடிய பிறகு இரண்டாவது பெட்டிக்குப் பிளைவுட் வாங்குங்கள்.